இந்த வருஷம் ராக்கெட்ஸ் பெயின்ட்டுக்குள் நுழைவது கஷ்டம்

நட்சத்திர ஆட்டக்காரர் கெவின் டுராண்ட் எங்கள் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணிக்கு வருகிறார் என்று 2025 ஜூன் மாதம் செய்தி வந்ததிலிருந்து ஆபீஸிலும் வீட்டிலும் ஒரே கேள்விதான்: "டுராண்ட் வந்தாச்சே, சந்தோஷமா?" சந்தோஷம்தான், இல்லை என்று சொல்வேனா. ஆனால் அதற்குச் சில நாள் முன்னாலேயே நம் அணியின் ஸ்டீவன் ஆடம்ஸ் மூன்று வருஷத்துக்கு 39 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார் பாருங்கள், எனக்கு நிஜமான தெம்பு வந்தது அன்றைக்குத்தான். வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. ஒரு ஆட்டத்துக்கு நாலு பாயின்ட் கூட எடுக்காத மனுஷனுக்காக இவள் ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று பார்த்தார்கள்.

நான் பள்ளியிலும் கல்லூரியிலும் போஸ்ட் ஆடியவள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் வேலை எனக்குக் கிடையாது. கூடைக்குக் கீழே 'பெயின்ட்' என்று சொல்லும் பகுதியில் நின்று இடி வாங்குவது, இடி கொடுப்பது, விழுகிற பந்தை எடுத்து, பந்தைக் கொண்டுபோகும் கார்டு கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவது, இவ்வளவுதான். கைதட்டல் எல்லாம் அந்த கார்டுக்குப் போகும். அதனால் 2025-26 என்பிஏ சீசன் தொடங்கப் போகும் இந்த நேரத்தில் ராக்கெட்ஸின் உயரக்காரர்களைப் பற்றி ஒரு முழுப் பதிவு எழுத எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு.

யார் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். சென்டரில், அதாவது கூடைக்கு அடியில் நிற்கும் இடத்தில், ஆல்பரென் ஷெங்குன், ஆடம்ஸ், திரும்பி வந்திருக்கும் கிளின்ட் கபேலா. அவர்களுக்குப் பக்கத்தில் ஆடும் ஃபார்வர்டில் டுராண்ட், ஜபாரி ஸ்மித் ஜூனியர், டாரி ஈசன், லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸிலிருந்து வந்த டோரியன் ஃபின்னி-ஸ்மித். கடைசி நாற்காலியில் 39 வயது ஜெஃப் கிரீன். டுராண்டும் ஷெங்குனும் ஜபாரியும் ஆடம்ஸும் 6 அடி 11 அங்குலம் அல்லது அதை ஒட்டிய உயரம். இவர்கள் நாலு பேரோடு 6 அடி 7 அங்குல அமென் தாம்சனை, பந்தைக் கொண்டுவரும் பாயின்ட் கார்டாக நிறுத்தினால் களத்தில் இருப்பவர்களில் மிகக் குள்ளமானவரே 6 அடி 7. பயிற்சியாளர் ஈமே உடோக்கா அப்படி ஒரு ஐந்து பேரோடு ஆட்டத்தைத் தொடங்கினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இது எந்த ஊரில் நடக்கிறது என்பதையும் யோசியுங்கள். ஐந்து வருஷம் முன்னால், 2020 பிப்ரவரியில், இதே ஹூஸ்டன்தான் "எங்களுக்கு சென்டரே வேண்டாம்" என்று சொல்லி கபேலாவை அட்லாண்டாவுக்கு அனுப்பியது. நாலு அணிகள் சேர்ந்து ஆட்களை மாற்றிக்கொண்ட பெரிய ட்ரேட் அது. அதற்குப் பிறகு 6 அடி 5 அங்குலம் இருந்த பி.ஜே. டக்கர் சென்டராக நின்றார். டக்கரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், மூலையில் வளைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் போடும் மூணு பாயின்ட்டர் ஒரு அழகு. அதற்காக தினமும் தன்னைவிட அரை அடி உயரமானவனை முதுகால் தள்ளு என்று ஒரு மனுஷனிடம் சொல்வதா? "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று என் தம்பி அப்போது கிண்டல் செய்வான். சீசனுக்குப் பிந்தைய ப்ளேஆஃப் தொடரில் லேக்கர்ஸ் 4-1 என்று முடித்து அனுப்பினார்கள்.

அதற்கும் முன்னால் 2018. மேற்குப் பகுதி இறுதியில் கோல்டன் ஸ்டேட் அணியோடு ஏழாவது ஆட்டம், நம் ஊரிலேயே. வரிசையாக 27 மூணு பாயின்ட்டர் தவறியது. ஹூஸ்டன்காரர்களிடம் 27 என்று சொன்னாலே போதும், எதைப் பற்றி என்று கேட்க மாட்டார்கள். தொடை தசை பிடித்துக்கொண்டு கிறிஸ் பால் உட்கார்ந்திருந்தது ஒரு காரணம். ஆனால் ஒரு ஷாட் விழவில்லை என்றால் அடுத்ததும் அதே ஷாட், அதற்கடுத்ததும் அதே ஷாட் என்று போன அந்தப் பிடிவாதம்தான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஷாட் விழாத நாளில் ஒரு அணிக்கு வேறு என்ன வழி இருக்கிறது? தவறிய பந்தை எடுத்து மறுபடி போடுவதுதான். அதற்கு உயரமும் பலமும் வேண்டும்.

இந்த ஊர் அதை மறந்ததுதான் வேடிக்கை. 1983-ல் ரால்ஃப் சாம்ப்சன், 1984-ல் ஹக்கீம் ஒலாஜுவான் என்று டிராஃப்ட்டில் (அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) அடுத்தடுத்து முதல் தேர்விலேயே இரண்டு சென்டர்களை எடுத்து 'ட்வின் டவர்ஸ்' என்று பெயர் வாங்கிய அணி இது. 1986-ல் மேஜிக் ஜான்சனின் லேக்கர்ஸை 4-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி நொடியில் காற்றிலேயே உடம்பைத் திருப்பி சாம்ப்சன் போட்ட அந்தக் கூடையைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். 1994, 1995 கோப்பைகள் இரண்டுமே ஹக்கீமின் காலடியில் வந்தவை. பிறகு யாவ் மிங். சென்டர் இல்லாமல் ஹூஸ்டன் எதையும் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

நட்சத்திர கார்டு ஜேம்ஸ் ஹார்டன் அணியை விட்டுப் போன பிறகு வந்த மூன்று சீசன்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 17, 20, 22. வெற்றிகளின் எண்ணிக்கை அது. நடுவில் தொடர்ந்து இருபது தோல்வி வேறு. டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்பது மட்டும்தான் அந்த நாட்களின் லாபம்.

அந்த இருட்டில் கிடைத்தவர்தான் ஷெங்குன். 2021 டிராஃப்ட்டில் 16-ஆவது தேர்வாக ஓக்லஹோமா சிட்டி எடுத்து, எதிர்கால முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டை வாங்கிக்கொண்டு நமக்குக் கொடுத்தார்கள். துருக்கி லீக்கில் பதினெட்டு வயதிலேயே சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய பையன். வந்த புதிதில் எல்லோரும் அவர் பாஸைப் பற்றிப் பேசினார்கள். நான் பார்த்தது கால்களை.

அடுத்த முறை அவர் கூடைக்கு முதுகைக் காட்டிப் பந்து வாங்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், ஷூவைப் பாருங்கள். இடது தோளை லேசாகத் தூக்குவார். எதிராளி அந்தப் பக்கம் அரை அடி சாய்வான். அதற்குள் வலது பாதத்தின் முன்பகுதியில் உடம்பு முழுவதும் சுழன்று எதிராளியின் இடுப்புக்கு அந்தப் பக்கம் வந்திருக்கும். அங்கே இன்னொருவன் தடுக்க வந்தால் மறுபடி ஒரு சுழற்சி, அதே அச்சில். கால் நகராது, அதனால் 'டிராவல்' என்ற கால் தவறு இல்லை. குதிக்கவும் பெரிதாக மாட்டார். எல்லாம் இடுப்பும் பாதமும்தான். ஹக்கீமைப் பார்த்து வளர்ந்த ஊர் இது, அதனால்தான் அரங்கத்தில் அவர் அந்த சுழற்சியைத் தொடங்கும்போதே ஒரு "ஓ" எழும். கூடை விழுவதற்கு முன்னாலேயே.

2024 மார்ச்சில் அவருக்குக் காயம் பட்டபோது நடந்தது எனக்கு மறக்காது. அந்த மாதம் அணி தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்தது, அதில் பெரும்பாலானவை அவர் இல்லாமல். உடனே, "பார்த்தீர்களா, இவர் இல்லாமல்தான் வேகமாக ஆடுகிறோம், விற்றுவிடுங்கள்" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நல்லவேளை, முடிவு எடுப்பவர்கள் காதில் அது விழவில்லை. அந்த அக்டோபரில் ஐந்து வருஷத்துக்கு 185 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். அடுத்த சீசனில் 19.1 பாயின்ட், 10.3 ரீபவுண்ட் (தவறிய பந்தை எடுப்பது) சராசரியோடு ஆல்-ஸ்டார் ஆனார். அணி 52 ஆட்டம் ஜெயித்து மேற்கில் இரண்டாம் இடம்.

போன மாதம், செப்டம்பரில், ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோபாஸ்கெட் இறுதி ஆட்டத்தை ஞாயிறு மதியம் சாப்பிடாமல் பார்த்தேன். ஜெர்மனி 88, துருக்கி 83. ஷெங்குன் 28 பாயின்ட் எடுத்தும் வெள்ளிதான். ஆனால் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் இரண்டு பேர் சூழ்ந்தால் பந்தை எங்காவது எறிந்துவிடுவார். இப்போது நிதானமாகக் காத்து, மூன்றாவது ஆள் நகரும்வரை பார்த்து, பிறகு கொடுக்கிறார். இருபத்து மூன்று வயதுதான் ஆகிறது.

இப்போது ஆடம்ஸ். நியூசிலாந்துக்காரர், ரொட்டோருவாவில் பிறந்தவர், குண்டு எறிதலில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய வலரி ஆடம்ஸுக்கு ஒரே அப்பாவுக்குப் பிறந்த தம்பி. அந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் மெம்ஃபிஸிலிருந்து நமக்கு வந்தபோது முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து உட்கார்ந்திருந்தார். அந்த சீசன் முழுக்க ஒரு நிமிஷம் ஆடவில்லை. ஆட முடியாதவரை எதற்கு வாங்கினார்கள் என்று நிறையப் பேர் கேட்டார்கள்.

போன சீசனில் பதில் கிடைத்தது. சராசரியாக 14 நிமிஷம்கூட ஆடவில்லை. அதற்குள் 5.6 ரீபவுண்ட், அதில் பாதிக்கு மேல் எதிரணியின் கூடைக்குக் கீழே எடுத்தவை. இந்த எண்ணில் வராத வேலை அதைவிடப் பெரியது. ஷாட் கிளம்பியதும் நம் ஆட்கள் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். ஆடம்ஸ் பார்க்க மாட்டார். பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்து, முழங்காலை மடக்கி, தன் இடுப்பை அந்த ஆளின் தொடைமேல் வைத்து உட்கார்ந்துவிடுவார். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருக்கும், பிடிக்காமல், ஆனால் விடாமலும். ஆடியவர்களுக்குத் தெரியும், தொடையில் அப்படி ஒரு எடை உட்கார்ந்தால் நம்மால் குதிக்கவே முடியாது. பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அவர் அப்படி இரண்டு பேரை அடைத்து வைத்திருக்கும்போது பின்னாலிருந்து அமென் தாம்சனோ ஈசனோ பறந்து வந்து பந்தை எடுப்பார்கள். ரீபவுண்ட் அவர்கள் கணக்கில். லீக்கிலேயே அதிகமாக ஆஃபென்ஸிவ் ரீபவுண்ட் எடுத்த அணி நாம்தான் என்றால் அதற்குப் பின்னால் இந்த இடுப்பு இருக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் கோல்டன் ஸ்டேட்டோடு நடந்த ப்ளேஆஃப் முதல் சுற்றில் உடோக்கா செய்ததுதான் இந்த ஃபிரன்ட்கோர்ட் (சென்டர், ஃபார்வர்ட் கூட்டம்) முழுவதற்கும் விதை. 3-1 என்று பின்தங்கியபோது ஷெங்குனையும் ஆடம்ஸையும் ஒன்றாக இறக்கி ஆளை விட்டு இடத்தைக் காக்கும் ஜோன் டிஃபென்ஸ் ஆடவிட்டார். சாதாரணமாக ஜோனின் பெரிய ஓட்டை ரீபவுண்ட்தான். ஆளுக்கு ஆள் காவல் இல்லாததால் ஷாட் போனதும் யார் யாரை அடைப்பது என்று தெரியாது, எதிரணி நடுவில் புகுந்து எடுத்துக்கொண்டு போய்விடும். கூடைக்கு இரண்டு பக்கமும் இவர்கள் இரண்டு பேர் நின்றால் அந்த ஓட்டை அடைபட்டுவிடுகிறது. ஐந்தாவது ஆட்டம் 131-116. ஆறாவது, அவர்கள் ஊரில், 115-107. வேறு வழி தெரியாமல் ஆடம்ஸை வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ போட வைத்தார்கள். அவர் ஃப்ரீ த்ரோவில் பாதிகூடப் போடாதவர், ஊருக்கே தெரியும். அன்றைக்கு எப்படியோ போட்டார். மொத்தம் 17 பாயின்ட். அதில் ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவுக்கும் நான் சோபாவில் உட்காரவில்லை.

ஏழாவது ஆட்டத்துக்கு டொயோட்டா சென்டரில் 400-ஆம் வரிசைப் பகுதிகளில் ஒன்றில் இருந்தேன். அந்த உயரத்திலிருந்து முகம் தெரியாது, ஆனால் களத்தின் வடிவம் தெரியும். தெரிந்தது என்ன என்றால், நாம் பந்தை எடுக்கிறோம், மறுபடி எடுக்கிறோம், போட மட்டும் ஆள் இல்லை. பெயின்ட்டில் எதிரணிச் சட்டை ஐந்தா எட்டா என்று எண்ணும் அளவுக்கு எல்லோரும் உள்ளே நுழைந்து நிற்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் போடமாட்டார்கள் என்ற தைரியம். அந்தப் பக்கம் பட்டி ஹீல்ட் ஒன்பது மூணு பாயின்ட்டர், 33 பாயின்ட். 103-89. வெளியே வரும்போது பார்க்கிங் கட்டடத்தில் எல்லோரும் ஹீல்டைத் திட்டிக்கொண்டு போனார்கள். என் கணக்கு வேறு. உயரம் தோற்கவில்லை, அரைக் களத்தில் நின்று ஒரு ஷாட்டை உருவாக்கிப் போடத் தெரிந்தவர் இல்லாததுதான் தோற்றது.

அதனால்தான் டுராண்ட். இங்கே அவர் வந்து பொருந்தும் இடம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. போன வருஷம் ஃபீனிக்ஸில் 26.6 பாயின்ட் சராசரி, மூணு பாயின்ட்டர் 43 சதவீதம். செப்டம்பர் 29-ஆம் தேதி 37 வயது முடிந்தது. அவருக்கு ஸ்கிரீன் (ஒருவர் குறுக்கே நின்று எதிராளியை மறிப்பது) வேண்டாம், இடம் வேண்டாம், ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் பந்து கையில் வந்தால் போதும், எவன் கை தூக்கினாலும் அதற்கு மேலிருந்து போடுவார். அவரைப் பார்த்து இன்னொருவன் உதவிக்கு வந்தால் ஷெங்குன் தனியாக. யாரும் உதவிக்கு வராமல் அவர் ஷாட் தவறினால்? கீழே ஆடம்ஸ் உட்கார்ந்திருப்பார். ஃபீனிக்ஸில் அவர் தவறவிட்ட பந்து பெரும்பாலும் எதிரணிக்குப் போயிற்று. இங்கே அப்படி இல்லை. ஓக்லஹோமாவில் 2013 முதல் 2016 வரை இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக ஆடியவர்கள் என்பதும் ஒரு ஆறுதல். டுராண்டின் ஷாட் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று ஆடம்ஸுக்குத் தெரியும்.

விலை? ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், இந்த வருஷத்தின் பத்தாவது தேர்வு, இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் ஐந்து. கிரீன் போனது எனக்கும் வருத்தம்தான். மோசமான வருஷங்கள் முழுக்க நின்றவர். இரண்டாவது ஆட்டத்தில் 38 எடுத்தவர், ஏழாவதில் 8. அந்த இடைவெளியைத்தான் அணி விற்றது என்று நினைத்துக்கொள்கிறேன். புரூக்ஸை எதிரணியில் பார்க்கப் போவதுதான் தொல்லை; நம் பக்கம் இருந்தவரை அவர் செய்வதெல்லாம் வீரம், இனி எல்லாம் அடாவடி.

கபேலாவைப் பற்றி இரண்டு வார்த்தை. மூன்று வருஷம், 21.5 மில்லியன். 2014-ல் நாம் 25-ஆவது தேர்வாக எடுத்த ஜெனீவாக்காரர். ஹார்டன் தூக்கிப் போட்ட பந்தைக் காற்றில் பிடித்துக் கூடைக்குள் திணித்தே பேர் வாங்கியவர். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார், மூன்றாவது சென்டராக ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆடினால் போதும். ஆடம்ஸின் முழங்காலை ஏப்ரல் வரை காப்பாற்ற வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து ஆட்டம் வந்தால் ஒரு நாள் அவர் உட்காரத்தான் வேண்டும். அன்றைக்கு இரட்டை சென்டர் திட்டம் கெட்டுவிடாமல் இருக்க இன்னொரு ஆள் தேவை. வீட்டைவிட்டு அனுப்பிய பிள்ளையையே திரும்பக் கூப்பிட்டது மாதிரி இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஜபாரியை யாரும் பேசுவதில்லை என்பது என் நிரந்தரக் குறை. 2022-ல் மூன்றாவது தேர்வு. ஜனவரியில் கை எலும்பு முறிந்து உட்கார்ந்தார், அமென் அந்த இடத்தில் நுழைந்து, சீசன் முடிவில் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களின் முதல் பட்டியலிலேயே இடம் பிடித்துவிட்டார். ஜபாரி திரும்பி வந்து முகம் சுளிக்காமல் பெஞ்சிலிருந்து ஆடினார். இப்போது ஐந்து வருஷத்துக்கு 122 மில்லியன். இரண்டு சென்டர் உள்ளே நிற்கும்போது மூலையில் நின்று மூணு பாயின்ட்டர் போடும் உயரக்காரர் ஒருவர் இல்லாவிட்டால் இந்தத் திட்டமே நடக்காது. அந்த ஆள் இவர். ஃபின்னி-ஸ்மித்தும் அதே வேலைக்குத்தான். நாலு வருஷம், 53 மில்லியன். கணுக்கால் அறுவை சிகிச்சை முடிந்திருப்பதால் தொடக்கத்தில் இருக்க மாட்டார்.

இவ்வளவும் சரியாக இருந்த நேரத்தில்தான் செப்டம்பரில் ஃப்ரெட் வான்விலீட்டின் முழங்கால் தசைநார் கிழிந்த செய்தி வந்தது. அணியின் முதல் பாயின்ட் கார்டு, அனுபவசாலி. டாலஸில் இருக்கும் தம்பி ஐந்து நிமிஷத்தில் போன் பண்ணிவிட்டான்.

"அக்கா, உன் டீம்ல எல்லாரும் பனைமரம். பந்தைக் கொண்டுவர யாரு இருக்கா?"

"அமென் கொண்டுவருவான்."

"அவனுக்கு வெளியிலேர்ந்து போட வராதே. அவன் மேல ஆளே நிக்கமாட்டான்."

"நிக்காட்டி போறான். ஷெங்குன்கிட்ட கொடுத்துட்டு வெட்டி உள்ள ஓடுவான். நீ முதல்ல லூகா எங்கன்னு சொல்லு."

அதற்குமேல் அவன் பேசவில்லை. பிப்ரவரியில் தன் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்கு விற்ற அணியின் ரசிகனிடம் எந்த வாக்குவாதத்தையும் அப்படி முடித்துவிடலாம். ஆனால் நியாயமாகச் சொன்னால் அவன் அணியும் இதே பாதையில்தான் நிற்கிறது. அந்தோணி டேவிஸ், லைவ்லி, காஃபோர்ட், போதாததற்கு 1.8 சதவீத வாய்ப்பில் டிராஃப்ட் குலுக்கலில் விழுந்த கூப்பர் ஃபிளாக். கார்டு கைரி இர்விங் காயம். டெக்ஸாஸின் இரண்டு முனையிலும் பனைமரங்கள்தான்.

ஊர் உலகமும் அப்படித்தான் திரும்புகிறது. போன வருஷம் மோப்லி, ஆலன் என்று இரண்டு உயரக்காரர்களை ஒன்றாக ஆடவிட்டு கிளீவ்லேண்ட் 64 ஆட்டம் ஜெயித்தது. ஹோம்கிரென், ஹார்ட்டன்ஸ்டைன் ஜோடியோடு ஓக்லஹோமா சிட்டி கோப்பையே வாங்கிவிட்டது. எல்லோரும் மூணு பாயின்ட்டர் போடும் காலத்தில் தவறும் பந்துகளும் அதிகம். அவை தெறித்து விழுவதும் தூரத்தில். நீளமான கை இருப்பவனுக்கு அது திருவிழா.

பயமே இல்லை என்று சொல்லவில்லை. ஷெங்குன் வெளியிலிருந்து போட்டது போன வருஷம் நாலுக்கு ஒன்று கூட விழவில்லை. அவரும் ஆடம்ஸும் அமெனும் ஒன்றாக நிற்கும்போது எதிரணி பெயின்ட்டில் கூட்டம் போடும், ஏழாவது ஆட்டத்தில் பார்த்த அதே கூட்டம். ஷெங்குனை ஃப்ரீ த்ரோ கோட்டின் முனைக்கு வரவழைத்து, ஆடம்ஸைக் கூடைக்குப் பின்னால் எல்லைக்கோட்டை ஒட்டி ஒளித்து வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஜோன் ஆடும்போது மூன்று நொடி விதி இன்னொரு தலைவலி. யாரையும் காவல் காக்காமல் ஒரு சென்டர் பெயின்ட்டில் அதற்கு மேல் நிற்க முடியாது, உள்ளே வெளியே என்று கால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பத்திரண்டு வயது ஆடம்ஸ், அந்த முழங்காலோடு. வேகமாக ஓடும் அணிகள் நம்மை நெடுக ஓடவிடும். இளம் கார்டு ரீட் ஷெப்பர்டுக்கு இந்த வருஷமாவது முறையாக நிமிஷம் கொடுப்பார்களா என்று பார்க்க வேண்டும். அவர் ஷாட்டை நம்பாமல் வேறு வழியில்லை. வெளியிலிருந்து இன்னொரு கார்டை வாங்கவும் சம்பள வரம்பு இடிக்கிறது.

அக்டோபர் 21 முதல் ஆட்டம், ஓக்லஹோமாவில், அவர்கள் சாம்பியன் மோதிரம் வாங்கும் இரவில். நல்ல சோதனை. யார் எத்தனை பாயின்ட் என்று நான் பார்க்கப் போவதில்லை. டுராண்ட் முதல் ஷாட்டைத் தவறவிடும்போது கூடைக்குக் கீழே எத்தனை சிவப்புச் சட்டை இருக்கிறது, ஹார்ட்டன்ஸ்டைனின் தொடையில் யார் உட்கார்ந்திருக்கிறார், இவை இரண்டும்தான்.

என் கணிப்பு 55 வெற்றி, மேற்கில் முதல் நாலு இடத்துக்குள். தம்பி 46-க்கு மேல் ஒன்றுகூடப் போகாது என்கிறான். யார் கணிப்புக்கு எண்ணிக்கை பக்கத்தில் வருகிறதோ அவர்கள் சொல்லும் ஜெர்சியைத் தோற்றவர் அடுத்த ஹூஸ்டன்-டாலஸ் ஆட்டத்துக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று பேச்சு. அவனுக்கு எக்ஸ்எல் சரியாக இருக்கும். ஆடம்ஸ், 12-ஆம் நம்பர்.